குடோன் கச்சேரி

டிரம்ஸில் ராசு முதல் அடி போட்டான். பாக்கியநாதன் தும்மினார்.

இரண்டாவது அடி போட்டான். ராசுவே தும்மினான். மூன்றாவது அடிக்கு இருவரும் சேர்ந்து தும்மினார்கள். தாளம் தப்பவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

“என்ன மாமா இது?” என்று ராசு கண்ணைக் கசக்கினான். கசக்கியிருக்கக் கூடாது என்பது கசக்கிய பிறகுதான் தெரிந்தது. “ஐயோ, எரியுது மாமா!”

செவ்வாய்ப்பேட்டையில் இருந்த அந்தக் கீழ்த்தளக் குடோனில் போன மாதம்வரை மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். மூட்டை போய்விட்டது, தூள் போகவில்லை. சுவரிடுக்கில் சிவனே என்று கிடந்ததை டிரம்ஸ் தட்டி எழுப்பிவிட்டது. ஒரு மணி நேரம் முன்னால் பாக்கியநாதன் மட்டும் தனியாக வந்து, இடம் எப்படி இருக்கிறதென்று பார்க்க, கிடாரில் ஒரு மெட்டை மெதுவாக வாசித்துப் பார்த்தார். அப்போது ஒரு வம்பும் இல்லை. மெதுவாக வாசிக்கிறவனை மிளகாய்த் தூள்கூட மதிப்பதில்லை போலிருக்கிறது.

நாளைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் கச்சேரி. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. பாக்கியநாதனின் சொந்தப் பாட்டுகள், சொந்த மெட்டு, ஒரு வரி சினிமாப் பாட்டு கிடையாது. மனிதர் இருபது வருஷமாக வயிற்றில் சுமந்த பிள்ளை அது. பிறக்கப்போகிற நேரத்தில் இப்படித் தும்மினால் என்ன செய்வது?

பாக்கியநாதன் சேலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. அது சோற்றுக்கு. முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பார். அது வீட்டு வாடகைக்கு. ஞாயிறு காலையில் மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம். அது ஆண்டவருக்கு. தனக்கென்று ஒரு பாட்டு வாசிக்க வாரத்தில் நாளே மிச்சமில்லை.

ஒரே ஒரு தடவை, பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணத்தில், பந்தி நடக்கும்போது தன் மெட்டு ஒன்றைத் துணிந்து வாசித்துவிட்டார். பெண்ணின் மாமா இலையிலிருந்து எழுந்து கையைக்கூடக் கழுவாமல் வந்தார்.

“ஏனுங்க, இது எந்தப் படத்துப் பாட்டு?”

“படம் இல்லீங்க. என்னோடது.”

“உங்களுதா? அதை எதுக்கு எங்க கல்யாணத்துல வாசிக்கறீங்க?”

அன்றைக்கு மூடிய வாய். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு அக்கா மகன் ராசு ஊருக்கு வந்த பிறகுதான் திறந்தது. அங்கே வாலிபப் பிள்ளைகள் கட்டடத்துக்கு அடியில் இருக்கிற அறைகளில், சனி ஞாயிறு இரண்டு நாளும், சினிமாப் பாட்டே இல்லாமல் தங்கள் பாட்டைத் தாங்களே வாசிக்கிறார்களாம். கேட்கவும் ஆள் வருகிறதாம். “வெளிய போர்டு கெடையாது, நோட்டீஸ் கெடையாது மாமா. தெரிஞ்சவன் மட்டும் வருவான். அதான் அதுக்கு மவுசு” என்றான் ராசு.

எழுபத்தொன்பதாம் வருஷத்துச் சேலத்தில் பூமிக்கு அடியில் அறைக்கு எங்கே போவது? போர் போடும் ரிக் வண்டி முதலாளி நாச்சிமுத்து, பார்சல் எடுக்க புக்கிங் ஆபீசுக்கு வந்தவர், இந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றார்.

“பூமிக்கு அடியில குடோன் ஒண்ணு நம்மகிட்ட சும்மா கெடக்குதுங்க. சத்தம் எப்புடீங்க இருக்கும்?”

பாக்கியநாதன் பயந்துபோய், “சத்தமே இருக்காதுங்க. பக்கத்துல தூங்குறவன் எந்திரிக்க மாட்டான்” என்றார்.

நாச்சிமுத்துவின் முகம் வாடிவிட்டது. “அட, அவ்வளவுதானுங்களா?”

ராசு குறுக்கே விழுந்தான். “மாமா அடக்கமாச் சொல்றாருங்க. நான் டிரம்ஸ் அடிச்சா உங்க ரிக் வண்டி தோத்துடும்.”

“அப்புடிச் சொல்லுங்க! வாடகை கீடகைன்னு பேசப்படாது. கலைக்குச் செய்யறதுங்க இது.”

இப்படி ஒரு மனிதரைப் பாக்கியநாதன் அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் மனைவி இன்னாசிமேரியிடம் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. அவளுக்கு வேறு கவலை.

“கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா?”

“எப்படித் தெரியும்? பூமிக்கு அடியில நடக்குது. ஈ, எறும்புக்குத் தெரியாது.”

மெல்லிசைக் குழுவில் சனிக்கிழமை ரிசப்ஷனுக்குக் காய்ச்சல் என்று சொல்லியாயிற்று. எல்லாம் கச்சிதம். மிளகாய்த் தூள் ஒன்றுதான் கணக்கில் வரவில்லை.

கூட்டிப் பெருக்கும் பாவாயியை அழைத்துத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள். தூள் ஊறி, நெடி இரண்டு மடங்காகி, பாவாயி முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். “இது ஆகற காரியமில்லீங்க சாமி. மொதலாளிகிட்டச் சொல்லுங்க.”

முதலாளியிடம் சொன்னார்கள். அவர் சிரித்தார்.

“இதுக்குப் போயி! நம்ம ரிக் வண்டி கம்ப்ரசரு இருக்குதுங்களே. பாதாளத்துல இருக்கற கல்லுத் தூளையே மேல தூக்கி எறியுது, இந்தத் தூளு எம்மாத்திரம்?”

வண்டி வந்தது. குடோன் வாசலில் குழாயை வைத்து ஃபோர்மேன் மயில்சாமி காற்றைத் திறந்தான். உள்ளே இருந்த மிளகாய்த் தூள் மொத்தமும் காற்றுத் துவாரங்கள் வழியாகச் செக்கச்செவேலென்று புறப்பட்டது. தெருவே தும்மியது. டீக்கடையில் ஒருவன் தும்மிய தும்மலில் பஜ்ஜித் தட்டு கவிழ்ந்தது. மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை அந்த வழியாகச் சைக்கிளில் வந்தவர் கண்ணை மூடித் தும்மி, திறக்கும்போது சாக்கடையில் இருந்தார்.

கட்டடத்தின் மாடி ஜன்னல்கள் படார் படாரென்று சாத்திக்கொண்டன. அங்கே கந்தப்பன் என்ற ஓய்வு பெற்ற வாத்தியாரும் அவர் சம்சாரமும் குடியிருந்தார்கள். நாச்சிமுத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னுங் கொஞ்ச நேரம் ஓட்டுடா மயிலு” என்றார். சுத்தத்தில் மனிதருக்கு அவ்வளவு அக்கறை.

குடோன் பளிச்சென்று ஆகிவிட்டது. கோயில்பிள்ளை ஈர வேட்டியோடு நேரே சாமியாரிடம் போய்விட்டார்.

அன்று மாலையே ஆள் வந்தது. பாக்கியநாதன் போய் நின்றார்.

“மிளகாக் குடோன்ல கச்சேரியாமே, பாக்கியநாதா?”

“ஆமாங்க சாமி. சின்னதா...”

“ஆண்டவர் பாட்டா?”

“இல்லீங்க சாமி.”

“சினிமாப் பாட்டா?”

“அதுவும் இல்லீங்க சாமி.”

“ரெண்டும் இல்லேன்னா பின்ன என்னதான் பாட்டு அது?”

பரமத்தி வேலூரில் பெண்ணின் மாமா கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். “விட்டுடு. இல்லேன்னா ஆர்மோனியத்துக்கு நான் வேற ஆள் பாத்துக்குறேன்” என்றார் சாமியார். பாக்கியநாதன் தரையைப் பார்த்துக்கொண்டே, “சரிங்க சாமி” என்றார். வேறு ஆள் பார்ப்பதற்குத்தான் அந்தச் சரி என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. பாடகர் குழுப் பிள்ளைகள் யாரும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு ஆயிற்று. கச்சேரிக்கு வருவதாகச் சொல்லியிருந்த ஆட்களே அவர்கள்தாம்.

சனிக்கிழமை காலை நாச்சிமுத்துவிடம் போய், “ஆள் இல்லீங்க, நிறுத்திடலாங்க” என்றார் பாக்கியநாதன்.

நாச்சிமுத்து பதறிவிட்டார். அவ்வளவு பதற்றத்தை அவர் வண்டி கிணற்றில் விழுந்தபோதுகூட யாரும் பார்த்ததில்லை. “நிறுத்தறதா? என்னங்க பேசறீங்க! கூட்டந்தானுங்க வேணும்? என்ற ஆளுக இருக்கறாங்க, கூட்டியாரேன். ஆமா, உங்க சத்தப் பொட்டி எத்தாச்சோடு பெருசுங்க?”

பாக்கியநாதன் தன் ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினார். முறுக்கு டின் அளவு இருந்தது.

“இதுல கொசுகூடக் கத்தாதுங்க. மைக் செட்டுக்கு நாஞ் சொல்றேன்.”

சொன்னார். வந்தது. குழாய் ஸ்பீக்கர்களோடு வந்து இறங்கியவன், மெல்லிசைக் குழுவுக்கு மைக் போடுகிற அதே வேலுமணி.

“அண்ணே, உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க?”

“வேலுமணி, உன்னைக் கும்பிட்டுக்குறேன்...”

“நான் எங்கண்ணே சொல்லப் போறேன்” என்றான் வேலுமணி. சொல்லிவிட்டான். மதியத்துக்குள் குழுவிலிருந்து சேதி வந்தது. கிடாருக்கு ஆத்தூரிலிருந்து ஒரு பையன் கிடைத்துவிட்டானாம், இனிமேல் அண்ணன் சிரமப்பட வேண்டாமாம்.

ஆண்டவருக்கு வாசித்ததும் போயிற்று, வாடகைக்கு வாசித்ததும் போயிற்று. மிச்சம் தனக்கு வாசிப்பதுதான். பாக்கியநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடாருக்குச் சுருதி சேர்த்தார்.

வேலுமணி ஸ்பீக்கரை ஆட்களைப் பார்த்து வைத்தான். நாச்சிமுத்து விடவில்லை. “அப்புடியில்லீங்க. மேல பாக்கக் கட்டோணும். சத்தம் மேல போயிட்டுக் கீழ எறங்குனாத்தான் காதுக்கு எதமா இருக்கும்.” நான்கு குழாயும் கூரையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வெளியே சத்தம் போகாமல் இருக்கட்டும் என்று பாக்கியநாதன் காற்றுத் துவாரங்களில் அடைத்திருந்த சாக்கையும் அவரே பிடுங்கி எறிந்தார். “வித்துவானுக்குக் காத்து வேண்டாமுங்களா?”

வித்துவான்! பாக்கியநாதனை அதுவரை எந்தப் பிறவியும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சாயங்காலம் ரிக் வண்டி ஆட்கள் குளித்து விபூதி பூசிக்கொண்டு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கம்ப்ரசர் பக்கத்திலேயே வேலை செய்து பாதிக் காது போனவர்கள். பாட்டு ஆரம்பித்தது. மூடிய அறையில் நான்கு குழாயும் ஒன்றாக அலறியதில் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்தது. பாவாயி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு டீ கொடுத்தாள். தன் பாட்டில் தனக்கே ஒரு வார்த்தை புரியவில்லை என்று பாக்கியநாதனுக்குப் பட்டது. ஆனால் பாட்டு முடிந்ததும் மயில்சாமி கையைத் தூக்கினான், அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

“நல்லா இருக்குதுங்!” என்று மயில்சாமி கத்தினான். அவன் பேசுவதே கத்தல்தான். “போர்ல கல்லு சிக்குனாப்புல இருக்குதுங்!”

பாக்கியநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. உழைக்கிற ஜனம், மனதில் பட்டதைச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த உற்சாகத்தில் தன் உயிரான அந்த மெதுவான மெட்டை எடுத்தார். ராசு டிரம்ஸை நிறுத்தினான். கிடார் மட்டும் தனியாக நடந்தது. நான்கு அடி போவதற்குள் நாச்சிமுத்து வெளியிலிருந்து ஓடி வந்தார்.

“ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?”

“இல்லீங்க. இது மெதுவான பாட்டு.”

“அட, அது எதுக்குங்க? மொத அடிச்சீங்களே, அதையே இன்னொருக்கா அடிங்க. மனசு கேக்குதுங்க.”

கேட்கிற மனசுக்கு எப்படி இல்லையென்பது? அடித்தார்கள். மூன்றாம் முறை அடிக்கும்போது வாசலில் கந்தப்பன் வாத்தியார் நின்றார். வெள்ளை வேட்டி, கையில் மூக்குக் கண்ணாடி.

“தம்பி, ஊட்டுக்காரம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. மேல கட்டிலு ஆடுது. கொஞ்சம் மெதுவா வாசிக்க முடியுமா?”

பாக்கியநாதன் நல்ல மனிதர். உடனே குமிழைத் திருகிக் குறைத்தார். நாச்சிமுத்து அதைவிட வேகமாகத் திருகி ஏற்றினார்.

“சார், வித்துவானுக்கு மெதுவா வாசின்னு நாம சொல்லலாமுங்களா? தப்புங்க சார்.”

வாத்தியார் நாச்சிமுத்துவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியேறினார்.

மறுநாள் காலை பாக்கியநாதன் கோயிலில் கடைசி வரிசையில் நின்றார். ஆர்மோனியத்தில் புதுப் பையன். நன்றாகவே வாசித்தான். ஒரு தலைகூட, பழைய ஆள் எங்கே என்று திரும்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இன்னாசிமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இருபது வருஷம்ங்க. ஒரே நாள்ல தொலைச்சுட்டு வந்து நிக்கிறீங்களே.”

“போனாப் போகுது. என் பாட்டைக் கேக்க ஒருத்தராவது இருக்காரு.”

“யாரு?”

“நாச்சிமுத்து அண்ணன்.”

“அவரு உள்ள வந்து உக்காந்து கேட்டாரா?”

“வெளிய நின்னு கேக்குறாரு. அங்கதான் நல்லாக் கேக்குதாம்.”

இன்னாசிமேரி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஞாயிறு மாலை பாக்கியநாதன் வாசித்தது வாசிப்பே இல்லை, வெறி. சாமியார் மேல் இருந்த கோபம், ஆத்தூர்ப் பையன் மேல் இருந்த கோபம், இலையிலிருந்து எழுந்து வந்த அந்த மாமா மேல் இருந்த கோபம் எல்லாவற்றையும் கம்பியில் போட்டு இழுத்தார். நாச்சிமுத்து கூடுதலாக இரண்டு குழாய் கட்டியிருந்தார். ரிக் ஆட்கள் காலைத் தரையில் உதைத்துத் தாளம் போட்டார்கள்.

நடுப் பாட்டில் வாத்தியார் மறுபடி வந்தார். இந்தத் தடவை மூக்குக் கண்ணாடி இல்லை. இரண்டு கையையும் கூப்பியிருந்தார்.

“தம்பி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

பாக்கியநாதனுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கே கோபமாகித் திரும்பியது.

“இருபது வருஷமா மெதுவாத்தான் சார் வாசிச்சேன்! ஒரு நாய் திரும்பிப் பாக்கல. இன்னிக்கு ஒருத்தர் கேக்குறாரு. அது உங்களுக்குப் பொறுக்கலேன்னா காதைப் பொத்திக்கிட்டுப் படுங்க!”

வாத்தியார் கையை இறக்கினார். “சரிங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாக்கியநாதன் அடுத்த பாட்டை இன்னும் சத்தமாக எடுத்தார்.

முடிந்ததும் நாச்சிமுத்து ரோஜா மாலை போட்டார். சம்பங்கி நடுநடுவே வைத்த பெரிய மாலை. அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். “உங்களை மறக்க மாட்டேனுங்க. அடுத்த சனி ஞாயிறு ஃபேர்லேண்ட்ஸ்ல வாசிக்கோணும். அங்கயும் நம்ம ஊடு ஒண்ணு இருக்குது. மாட்டேன்னு சொல்லப்படாது.”

ஃபேர்லேண்ட்ஸ்! பெரிய மனிதர்கள் இருக்கிற இடம். பாக்கியநாதன் மாலையோடு வீட்டுக்குப் போனார். இன்னாசிமேரி அதை வாங்கி மாதா படத்துக்குச் சாத்தினாள்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போகும் வழியில் கிடாரை எடுத்துப்போகலாம் என்று குடோனுக்கு வந்தார். வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. கட்டில், பீரோ, தண்ணீர்க் குடம், கயிறு போட்டுக் கட்டிய புத்தகங்கள். பக்கத்தில் ஒரு ஜட்கா. அதற்குள் வாத்தியாரின் சம்சாரம் தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தாள். வாத்தியார் கடைசியாக ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

பாக்கியநாதனுக்கு முந்தின நாள் பேச்சு நெஞ்சைக் குத்தியது. “சார், எங்க பயணம்?”

“தம்மம்பட்டிக்கு. என்ற தம்பி ஊட்டுக்கு.” வாத்தியார் வண்டியில் விளக்கை வைத்துவிட்டுத் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “தம்பி, வெள்ளிக்கெழமை, அந்தக் குழாயெல்லாம் வாரதுக்கு முந்தி, தனியா உக்காந்து ஒண்ணு வாசிச்சீங்களே?”

“ஆமா சார்.”

“நானும் இவளும் படியில உக்காந்து கேட்டோம். அவ ரொம்ப நாள் கழிச்சு அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குனா. அதை மறுபடி வாசிப்பீங்களான்னு ரெண்டு நாளும் பாத்தோம்.”

ஜட்கா கிளம்பியது. மாட்டு வண்டி பின்னாலேயே போயிற்று. பாக்கியநாதன் தெருவில் நின்றார். தன் பாட்டை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் என்பது சந்தோஷமா துக்கமா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போகட்டும், ஃபேர்லேண்ட்ஸில் அந்த மெட்டைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

பாவாயி மாடிப்படியைக் கூட்டிக்கொண்டே இறங்கி வந்தாள். காதில் பஞ்சு இல்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

“அடுத்த வாரம் ஃபேர்லேண்ட்ஸ்ல வாசிக்கிறோம், பாவாயி. அங்க இருக்குறவங்கல்லாம் படிச்சவங்க, டாக்டருங்க. கேக்கத் தெரிஞ்சவங்க.”

“ஆமாஞ் சாமி, டாக்டருதான்” என்றாள் பாவாயி, குப்பையை ஓரமாகத் தள்ளிக்கொண்டே. “மொதலாளி கோர்ட்டுல கேசு போட்டும் வருசக்கணக்கா ஊட்டக் காலி பண்ணாத இந்த வாத்தியாரே உங்க பாட்டுக்கு ரெண்டு நாள்ல கெளம்பீட்டாரு, ஆனா அந்த ஊட்டுல இருக்கற டாக்டரு கொஞ்சம் கெட்டி, அவருக்கு நீங்க ஒரு வாரமாச்சும் வாசிக்கோணுமுங்க.”